புல்லட்டு விலைக்கு இல்லீங்க

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு உண்டுட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தேன். வாசல்ல ஒரு கார் வந்து நின்னுது. சென்னையில இருந்து ஒரு தம்பி. ஐ.டி.யில வேலை. நான் எழுதறதை ரெண்டு வருஷமாப் படிக்கறாராம். மோர் குடுத்தோம், குடிச்சாரு. மஞ்சக் காட்டைப் பாத்தாரு, கத்திரி வயலைப் பாத்தாரு. கடைசியில கட்டுத்தரைக்குப் பக்கத்துல நிக்கிற புல்லட்டுக்கிட்ட வந்து நின்னுட்டாரு. அப்புறம் அங்க இருந்து நகரவே இல்ல. சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்துட்டு, "அண்ணா, ஒன்னேகால் லட்சம் தர்றேன். குடுத்துடறீங்களா?"ன்னு கேட்டாரு.

"வாங்கி ஓட்டுவீங்களா தம்பி?"ன்னு கேட்டேன்.

"ஓட்டறதுக்கு வேற வண்டி இருக்குண்ணா. இதை நல்லா ரெஸ்டோர் பண்ணி ஹால்ல நிறுத்தலாம்னு. அப்படியே எய்ட்டீஸ் ஃபீல் வரும்."

தங்கமான பையன். மரியாதையான பேச்சு. அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அந்தப் பதிலு ரெண்டு நாளாத் தொண்டைக்குள்ள முள்ளு மாதிரி நிக்குது. இந்த வருஷத்துல இப்படிக் கேட்டு வந்தவங்கள்ல அவர் நாலாவது ஆளு. நாலு பேரும் "காப்பாத்தணும்"னுதான் சொன்னாங்க. ஒருத்தர்கூட "ஓட்டணும்"னு சொல்லல. அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலா எழுதிடறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல என்னோட யோக்கியதையைச் சொல்லிடறேன். இது எங்கய்யன் வாங்குன வண்டி. 1984 மாடல், 350 சிசி, பழைய இரும்பு இன்ஜின். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல நெல்லும் கரும்பும் போட்டுட்டு இருந்த மனுசன், ஒரு வருஷம் மஞ்சள் நல்ல விலைக்குப் போனப்ப வாங்குனாரு. ஊருக்குள்ள சுத்தறதுக்கு மட்டும் வாங்குன வண்டி இல்ல. சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி, திம்பத்துல இருக்கற 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, தாளவாடி, சாம்ராஜ்நகர், மைசூருன்னு போய் மாடு பாத்துட்டு, ரெண்டாம் நாள் ராத்திரி வீடு வந்து சேருவாரு. பின்னாடி உக்காந்து நானும் போயிருக்கேன். திம்பம் ஏறயில மூணாவது கியருக்கும் ரெண்டாவது கியருக்கும் இடையில அந்த இன்ஜின் மூச்சு வாங்கற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

2017ல அய்யனுக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் போச்சு. இந்தப் பழைய புல்லட்டுல ஆக்ஸிலேட்டர், முன் பிரேக், கியர், கிக்கர் நாலுமே வலது பக்கம். இடது பக்கம் கிளட்சும் பின் பிரேக்கும் மட்டும்தான். அதுக்கப்புறம் அவர் அந்த வண்டியைத் தொடவே முடியல. கட்டுத்தரையில ஓரமா நிறுத்துனோம். கட்டில்ல படுத்துக்கிட்டே அதைப் பாத்துட்டு இருப்பாரு. "மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி கண்ணு"ன்னு வாய் குழறிச் சொல்லுவாரு. "செரிங்கய்யா"ம்பேன். செஞ்சது மூணு தடவை. என்கிட்ட நூறு சிசி வண்டி இருந்துது, பட்டனை அமுத்துனா ஓடுது. இதை எவன் உதைக்கறது? 2020ல அய்யன் போயிட்டாரு. வண்டி மேல வைக்கப்புல்லு ஏறுச்சு, அடியில கோழி முட்டை வெச்சுது. 2022ல பழைய இரும்பு எடுக்கறவன் வந்து நாலாயிரத்து ஐநூறு தர்றேன்னான். நான் சரின்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். அம்மாதான் உள்ள இருந்து வந்து, "அதைக் குடுத்தீன்னா இந்த வீட்டுல சோறு உண்ணாதே"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சு விட்டாங்க.

அதனால, பழசைக் கைவிட்ட பாவம் பட்டணத்துக்காரங்க மேல மட்டும்னு நான் சொல்ல வரல. கைவிட்டவன் நானுந்தான். ஆறு வருஷம்.

ஆனா அதுக்கப்புறம் அந்த வண்டியை எழுப்பி, இன்னைக்கு வரைக்கும் தினமும் ஓட்டறதுல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். ஒரு பழைய வண்டியைக் கொல்ல ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, எடைக்குப் போடறது. இன்னொன்னு, மினுக்கி ஹால்ல நிறுத்தறது. முதல் வழியில அது ஒரே நாள்ல சாகுது. ரெண்டாவது வழியில மெதுவாச் சாகுது, போட்டோ மட்டும் நல்லா வருது.

மிகைப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. ஓடாத வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க டவுன்ல வேப்பமரத்தடியில ஒரு பாய் கடை வெச்சிருக்காரு. அறுபத்தெட்டு வயசு. வண்டியைச் சரக்கு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போய் இறக்குனதும் நான் வழக்கம்போலக் கிக்கர்ல காலை வெச்சேன். "தம்பி, காலை எடுங்க முதல்ல"ன்னு ஒரு அதட்டுப் போட்டாரு. பிளக்கைக் கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து அந்த ஓட்டைக்குள்ள ஊத்தி, "எட்டு நாள் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. எட்டாம் நாள் நாலாவது கியர்ல போட்டு, பின் சக்கரத்தைப் புடிச்சு முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டுனாரு. கால் மணி நேரம் கழிச்சுப் பிஸ்டன் அசைஞ்சுது. உதைச்சிருந்தா துருவுல ஒட்டியிருந்த ரிங்கு ஒடிஞ்சு போரையே கீறியிருக்கும்னாரு.

இன்ஜினைப் பிரிச்சா, ரிங்கு ஆறு வருஷம் ஒரே இடத்துல நின்ன அடையாளம் போருக்குள்ள துருக்கோடா வளையம் போட்டிருக்கு. அடியில இருந்த ஆயிலு கீலு மாதிரி. இந்தப் பழைய இன்ஜின்ல கனெக்டிங் ராடு அடியில பால் பேரிங், ரோலர் பேரிங் எதுவும் கிடையாது. சும்மா மிதக்கற ஒரு புஷ்தான். மெல்லிசான எண்ணெய்ப் படலத்து மேலதான் அது உசிரோட இருக்குது. ஆயிலு வராம ரெண்டு நிமிஷம் ஓடுனாலே அதுக்கு ஆபத்து. ஆயில் பம்பு ஒழுங்கா இருக்கான்னு பாக்காம பெயின்ட்டு அடிச்சு, குரோம் பூசி, பேட்டரி போட்டு, "வாங்க ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்"னு விருந்தாளி முன்னாடி உதைக்கறாங்க பாருங்க, அங்கதான் வண்டி சாகுது.

பெட்ரோல் டேங்குக்குள்ள துரு. கார்புரேட்டருக்குள்ள பழைய பெட்ரோல் காய்ஞ்சு பிசின் மாதிரி புடிச்சு, பைலட் ஜெட்டை அடைச்சிருந்துச்சு. ஏர் ஃபில்டர் டப்பாக்குள்ள எலிக்கூடு. ஒயரிங்கு பாதி எலி வயித்துல. பிரேக் லைனர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருச்சு. டயர் வெடிச்சுப்போச்சு. ஆயில் சீல் எல்லாம் முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு. இதுல ஒன்னுகூட ஓடித் தேய்ஞ்சு வந்த கேடு இல்ல. எல்லாம் நின்னதுல வந்த கேடு.

இப்ப நீங்க ஹால்ல நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அதுக்குள்ளயும் இதேதான் நடக்குது. மேல பாலிஷ் பண்றதால தெரியல, அவ்வளவுதான். இன்னொன்னும் சேத்துக்குங்க. 2025 வாக்குல நாடு முழுக்கப் பெட்ரோல்ல 20 சதம் எத்தனால் கலந்து வருது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயை உப்ப வெச்சுக் கெடுக்கும். வாரத்துக்கு ஒருக்கா டேங்கு நிரப்பற என் வண்டியில அந்தப் பெட்ரோலு தங்கறதுக்கே நேரமில்ல. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஓடற ஷோ வண்டியில அது உக்காந்து டேங்கைத் துரு புடிக்க வெக்கும். அந்த எத்தனால்ல நாங்க போட்ட கரும்பும் இருக்குங்கறது தனிக் கூத்து. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

அடுத்து "ஒரிஜினல்" பஞ்சாயத்து.

பாய்கிட்டப் போறதுக்கு முன்னாடி, ஒரு பெரிய ஊர்ல பழைய வண்டிகளைப் புதுப்பிக்கறதுக்குன்னே இருக்கற ஒரு கடைக்குப் போனேன். ஏ.சி. ரூமு, சுவரெல்லாம் போட்டோ. ஒன்றரை லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் போட்டாங்க. அதுல பெயின்ட்டு, குரோமு, தங்கக் கோடு வரையற ஆளு, ஸ்டிக்கரு, சீட்டுத் தோலு எல்லாம் வரிசையா இருக்கு. இன்ஜினுக்கு "ஜெனரல் சர்வீஸ்"னு ஒரே ஒரு வரி. "இன்ஜினைப் பிரிக்க மாட்டீங்களா?"ன்னேன். "ஸ்டார்ட் ஆனாப் போதும் சார், பெரும்பாலும் யாரும் ஓட்டறதில்ல"ன்னாரு அந்தத் தம்பி. உள்ளதைச் சொன்ன வரைக்கும் அவருக்கு நன்றி. வண்டியைத் திருப்பி ஏத்திட்டு வந்துட்டேன்.

பாய் கடையில நடந்தது நேர் எதிரு. பெயின்ட்டை அவர் தொடவே இல்ல. டேங்குல அய்யன் முட்டி உரசி உரசிக் கறுப்புப் போயிருந்த இடம் இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. ஆனா பழைய ஆறு வோல்ட்டு ஒயரிங்கைத் தூக்கிப் போட்டுட்டுப் பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்துனாரு. இதைப் பாத்துட்டு வாட்சப்புல ஒரு பெரியவர், "ஒரிஜினாலிட்டி போச்சே"ன்னு வருத்தப்பட்டாரு. ஐயா, நான் காலையில நாலரை மணிக்குக் கீரை மூட்டையோட கிளம்பறவன். எதுக்க கரும்பு டிராக்டரு பின்லைட்டே இல்லாம வருது. நடு ரோட்ல எருமை படுத்திருக்கு. ஆறு வோல்ட்டு வெளிச்சம் மின்மினிப் பூச்சி மாதிரி. ஒரிஜினல் வெளிச்சத்துல எருமை மேல மோதுறதுக்கா நான் வண்டியை எழுப்புனேன்?

ஓட்டறவனுக்கு ஒரிஜினல்ங்கறது வேலை செய்யறதுதான். தேய்ஞ்சது மாறும், வேலைக்கு ஆகாதது மாறும், மத்தது அப்படியே நிக்கும். வீட்டு ஓடு உடைஞ்சா ஓடு மாத்தறோம். அதுக்காக அது தாத்தா கட்டுன வீடு இல்லைன்னு ஆயிருமா?

இந்த வண்டியோட வரலாறே இதுக்குச் சாட்சி. புல்லட்டோட டிசைனு இங்கிலாந்துக்காரன் போட்டது. 1955ல மதராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்ல தொழிற்சாலை. 1970 வாக்குல இங்கிலாந்துல இருந்த தாய்க் கம்பெனி மூடியே போச்சு. அங்க அது மியூசியத்துக்கும் ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கும் போயிருச்சு. இங்க மட்டும் எப்படி அதுக்கு மேல முப்பது நாப்பது வருஷம் அதே 70 மி.மீ. போரு, 90 மி.மீ. ஸ்ட்ரோக்கு இரும்பு இன்ஜின் ஓடுச்சு? யாரும் போற்றிப் பாதுகாத்ததால இல்ல. பட்டாளத்துக்காரன் ஓட்டுனான். போலீஸ்காரன் ஓட்டுனான். வடக்க பால்காரன் ரெண்டு பக்கமும் கேனைத் தொங்க விட்டு ஓட்டுனான். எங்கய்யன் மாதிரி ஆளுங்க மாடு பாக்கப் போனாங்க. தினமும் கெட்டுப்போச்சு, தினமும் யாராவது ஒருத்தர் சரி பண்ணுனாங்க. வேலைக்குப் போனதால அது பொழைச்சுது. அதே வண்டியைத்தான் நீங்க வேலையில இருந்து நிறுத்திட்டுக் காப்பாத்தறேங்கறீங்க.

செலவுக் கணக்கு கேப்பீங்க, அதையும் வெச்சிடறேன். இன்ஜின் வேலை மொத்தம் 19,000. போரு, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், வால்வு, சீலு, பேக்கிங், லேத்து கூலி, பாய் கூலி எல்லாம் அடக்கம். ஒயரிங்கும் பன்னெண்டு வோல்ட்டும் 9,000. டயர், ட்யூப், ரிம்மு, ஸ்போக்ஸ் 11,500. பிரேக்கு, கிளட்சு 5,000. கார்புரேட்டர் 2,800. டேங்கு கழுவுனது, சீட்டு, காய்கறி மூட்டை கட்டறதுக்குப் பக்கவாட்டுக் கேரியர் எல்லாம் சேத்து 6,000. பேப்பர் வேலை 12,700. ஆக மொத்தம் 66,000. புதுசா 350 சிசி வண்டி எடுத்தா ரோட்டுக்கு வர இதை விட ரொம்ப அதிகம் ஆகும்.

பேப்பர் வேலைக்கு ஏன் இவ்வளவுன்னா, அங்கயும் என் சோம்பேறித்தனம்தான். ஆர்.சி. காலாவதி ஆகிக் கிடந்துது, தாமதக் கட்டணம் ஏறிப்போச்சு. "பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா வண்டியை ஓட்டவே கூடாதாமே"ன்னு வாட்சப்புல ஒரு தகவல் சுத்துது. டெல்லியில வயசான வண்டிக்குக் கெடுபிடி இருக்கறது உண்மை. நம்ம ஊர்ல சொந்த உபயோக வண்டிக்கு அப்படி ஒட்டுமொத்தத் தடை இல்ல. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, 25ஆம் நம்பர் படிவம் குடுத்து, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும். வண்டிக்குச் சொந்தக்காரர் தவறியிருந்தா வாரிசுச் சான்றிதழோட 31ஆம் நம்பர் படிவம். ஆனா ஒன்னு கவனிங்க. டூவீலர் புதுப்பிக்கற கட்டணம் 300 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, இருபது வருஷம் தாண்டின டூவீலருக்கு 2,000ன்னு ஏத்திட்டாங்க. ஹால்ல நிறுத்தறவருக்கு ஆர்.சி.யே தேவையில்ல. ரோட்ல ஓட்டறவன்தான் கட்டணும். சட்டமும் என்னவோ நிறுத்தி வைக்கறவன் பக்கந்தான் சாயுது.

இனி உங்க எதிர்க்கேள்விகளுக்கு வர்றேன். நியாயமான கேள்விங்கதான்.

"மைலேஜ்?" என் வண்டி லிட்டருக்கு 33 குடுக்குது. என் நூறு சிசி வண்டி 60 குடுக்கும். உழவர் சந்தைக்குப் போக வர 26 கிலோமீட்டரு. மாசம் ஆயிரம் ரூபா பக்கம் பெட்ரோல்ல அதிகம் போகுது. மறைக்கல. அதுக்கு ஈடா ரெண்டு பக்கமும் மூட்டை கட்டி அலுங்காம வருது. நூறு சிசியில அதே எடைக்கு ஹேண்டில் தூக்கும். இது எனக்குச் சரியா வருது. சும்மா பையை மாட்டிட்டு ஆபீஸ் போறவருக்குச் சிக்கனந்தான் முக்கியம்னா, ஒரு நல்ல நூறு சிசியே போதும். பழைய வண்டி ஓட்டுனாப் புண்ணியம்னு நான் பிரசங்கம் பண்ணல.

"புகை?" ஆமா. இன்னைக்கு வர்ற வண்டி அளவுக்கு இது சுத்தம் கிடையாது. ஒழுங்கா டியூன் பண்ணி, புகைச் சான்றிதழ் வாங்கித்தான் ஓட்டறேன். இதுல நான் சாக்குச் சொல்லப் போறதில்ல. ஆனா இதைக் கேக்கறவங்கள்ல சில பேரு, ஒரே ஆளு போறதுக்கு ஏழு சீட்டுக் காரை எடுக்கறவங்க. அவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் பதில் கேள்வி கேக்கத் தோணுது.

"பாதுகாப்பு?" முன்னாடி டிரம் பிரேக்கு. புது வண்டி மாதிரி நிக்காது. அதனால அம்பதைத் தாண்டறதில்ல, இடைவெளி விட்டுப் போறேன். கியர் வலது காலு, பிரேக்கு இடது காலு. ரெண்டு வண்டியும் மாத்தி மாத்தி ஓட்டுனா முதல் மாசம் காலு குழம்பும். ஊருக்குள்ள காலி ரோட்ல ஒரு வாரம் பழகிட்டுத்தான் பெரிய ரோட்டுக்குப் போகணும்.

"சத்தம்?" இதை யாரும் கேக்கறதில்ல. நானே சொல்றேன். பழைய கம்பெனி சைலன்ஸர்ல புல்லட்டு காது கிழியக் கத்தாது. பொறுமையா, கனமா ஒரு சத்தம் வரும். சைலன்ஸர் குடலை உருவிட்டுத் தெருவுல போற கைக்குழந்தையையும் கிழவியையும் அலற வைக்கறது பழமையும் இல்ல, கம்பீரமும் இல்ல. எங்க ஊர்ப் பசங்களும் இதைச் செய்யறாங்க. அவங்களுக்கும் இதேதான்.

சரி, இவ்வளவு நேரம் வண்டியைப் பத்தியே பேசிட்டேன். ஆனா என் கோவம் உண்மையில வண்டிக்காக இல்ல.

பாய்க்கு ஒரு கண்ணுல புரை விழுந்திருக்கு. இன்னொரு கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. பாயின்ட்டு இடைவெளி 0.35ல இருந்து 0.40 மி.மீ. இருக்கணும். கேஜ் தகடு வெச்சு அளக்கறதுக்குப் பதிலா இப்ப விரல்ல தடவிப் பாத்துட்டு, "பாருங்க தம்பி, செரியா இருக்கா"ன்னு என்னை அளக்கச் சொல்றாரு. சரியாத்தான் இருக்கு. டேப்பெட் வைக்கும்போது, "இன்ஜின் ஆறிக் கிடக்கோணும். பிஸ்டனை மேல கொண்டாந்து வெச்சுட்டுப் புஷ்ராடை ரெண்டு விரல்ல சுத்திப் பாருங்க. தடங்கல் இல்லாமச் சுத்தோணும், ஆனா மேலயும் கீழயும் ஆடக்கூடாது"ன்னு சொல்லிக் குடுத்தாரு. எந்தப் புத்தகத்துலயும் அந்த விரல் அறிவு இல்ல. அவர் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். கடைக்குக் கடைசியா வந்த பையன் மூணு வருஷம் முன்னாடி டெலிவரி வேலைக்குப் போயிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியுமா? பாய் ஒரு நாள் பூரா குனிஞ்சு நிமிர்ந்து செஞ்ச கிளட்சு வேலைக்கு 600 ரூபா கேட்டா, "என்ன பாய் இவ்வளவா?"ன்னு பேரம் பேசறோம். அதே ஆளு ஷோரூம்ல ஜி.எஸ்.டி.யோட பில்லு குடுத்தா வாயைத் தொறக்காமக் கார்டைத் தேய்க்கறோம்.

இது புல்லட்டோட நிக்கல. கிணத்து மோட்டார் காயில் சுத்தறவரு எங்க பக்கத்துல முன்ன மூணு பேர் இருந்தாங்க, இப்ப ஒருத்தர். புதுசா வர்ற மருந்தடிக்கற மிசினு கெட்டா, "போர்டு போச்சு, முழுசா மாத்தணும்"னு ஒரே பதிலு. டிராக்டருக்கு லேப்டாப் கொண்டுவந்து மாட்டுனாத்தான் என்ன கோளாறுன்னே தெரியும், அந்த லேப்டாப் உள்ளவர் வர ரெண்டு நாளாகும். அதுக்குள்ள நாத்து முத்திப்போயிரும். நம்ம கையில இருக்கற பொருளை நம்ம ஊர்லயே சரி பண்ணிக்கற சக்தி கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டு இருக்கு. அது போயிருச்சுன்னா விவசாயி வாங்கித் தின்னு வாங்கித் தூக்கி எறியறவனா மட்டும்தான் இருப்பான். எனக்குப் பயம் அதுலதான்.

நீங்க பழைய வண்டியை ஒன்னேகால் லட்சம் குடுத்து வாங்கி ஹால்ல நிறுத்துனா, அந்தப் பணத்துல ஒரு ரூபாகூட பாய் மாதிரி ஆளுகளுக்குப் போகாது. ஓடாத வண்டி கெடாது, கெடாத வண்டிக்கு மெக்கானிக் எதுக்கு? ஒரு வண்டி ரோட்ல இருந்து போனா அதுக்கு உண்டான பிஸ்டனை விக்கிற கடையில ஒரு வியாபாரம் குறையும். பத்து வண்டி போனா அந்தக் கடைக்காரர் அந்தச் சாமானை வாங்கி வைக்கறதையே நிறுத்திடுவாரு. அப்புறம் ஓட்டணும்னு நினைக்கற என்னால ஓட்ட முடியாது. விலையும் அப்படித்தான். எங்க ஊர்ல இருபதாயிரத்துக்குக் கிடைச்ச பழைய வண்டி, உங்க ஆசையால லட்சத்தைத் தாண்டிப்போச்சு. நாலு மூட்டை கட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போகணும்னு நினைக்கற பக்கத்துத் தோட்டத்துப் பையனால இனி அதைத் தொட முடியாது. காப்பாத்தறேன்னு சொல்லி நீங்க எங்ககிட்ட இருந்து எடுத்துட்டுப் போறது அதைத்தான்.

அதுக்காக உங்களைப் பழைய வண்டிப் பக்கமே வராதீங்கன்னு சொல்லல. நேர் மாறா, வாங்க. ஆனா ஓட்டறதுக்கு வாங்க. உங்க அபார்ட்மென்ட் அடித்தளத்துல அப்பா வண்டி, மாமா வண்டின்னு ஒன்னு உறை போட்டுத் தூங்கிட்டு இருக்கும், எனக்குத் தெரியும். புல்லட்டா இருக்கணும்னுகூட இல்ல. உறையை உருவுங்க. உதைக்காதீங்க. பழைய பெட்ரோலையும் ஆயிலையும் இறக்குங்க. உங்க ஏரியாவுலயே ஏதாவது ஒரு சந்துல நரைச்ச தலையோட ஒரு மெக்கானிக் உக்காந்திருப்பாரு, அவர்கிட்டக் கொண்டு போங்க. முதல்ல இன்ஜின், பிரேக்கு, டயரு, லைட்டு. பெயின்ட்டு கடைசி. ரப்பர் குழாயெல்லாம் புதுசு போடச் சொல்லுங்க. கூலியில பேரம் பேசாதீங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க, கேளுங்க, முடிஞ்சா வீடியோ எடுத்து வைங்க. அப்புறம் வாரத்துல ரெண்டு நாளாவது அதுல ஆபீஸ் போங்க. வழியில நின்னு போகும், கையில கரி ஆகும், லேட்டாகும். அந்த மெக்கானிக்குக்கு மாசம் ஒருக்கா வேலை வரும். அந்தக் கடைக்கு ஒரு பையன் கத்துக்க வந்தாலும் வருவான்.

ஓட்டவே முடியாதுன்னா, ஓட்டறவங்களுக்குக் குடுத்துருங்க. நியாயமான விலைக்கு.

வந்த தம்பிகிட்ட இவ்வளவையும் சொல்லல. வீட்டுக்கு வந்தவரை வெச்சுப் பிரசங்கம் பண்ணக் கூடாது. "உதைச்சுப் பாருங்க"ன்னு மட்டும் சொன்னேன். நாலு தடவை உதைச்சாரு, ஒன்னும் ஆகல, அஞ்சாவது தடவை கிக்கர் திருப்பி அடிச்சுது. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெதுவா அமுக்கி, டிகம்ப்ரஸரை இழுத்துக் கிக்கரை இன்னும் துளி இறக்கி, அப்புறம் விட்டு ஒரே உதை. இதை எங்கய்யன் எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன். ஸ்டார்ட் ஆனதும் அந்தத் தம்பி முகத்துல வந்த சிரிப்பு இருக்கே, அது எந்த ஹால்லயும் வராது. பின்னாடி உக்கார வெச்சு வாய்க்கால் கரையில ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனேன். இறங்கும்போது விலையைப் பத்தி அவர் மறுபடி பேசல.

அம்மா திண்ணையில உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க. "மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு உங்கய்யன். நீ தினமும் பண்றே. அவரு இருக்கயிலயே பண்ணியிருக்கலாம்"னாங்க.

அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல.

சரிங்க, நாளைக்குக் காலையில நாலரைக்குக் கீரை ஏத்தணும். பிளக்கை ஒருக்காத் துடைச்சு வெச்சுட்டுப் படுக்கறேன்.